கஞ்சி மட்டும் சாப்பாடு ஆகாது

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, முக்கியமானதை மட்டும் தருகிறேன்.

"வணக்கம் மிஸ்ஸி. என் அம்மாவுக்கு 78 வயது. முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். இனிப்பு நீரும் (சர்க்கரை நோய்) ரத்தக் கொதிப்பும் இருக்கின்றன, மாத்திரை சாப்பிடுகிறார். நான்கு மாதத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பில் விரிசல். 11 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆபரேஷன் தேவையில்லை, பிடித்துக்கொண்டு நடக்கலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள், ஆனால் பயந்துபோய் முக்கால்வாசி நேரம் கட்டிலிலேயே இருக்கிறார். 52 கிலோ இருந்தவர் போன வாரம் 44. காலையில் வரக்கோப்பியில் தொட்டு மூன்று பிஸ்கட், மத்தியானம் ஒரு மங்கு கஞ்சி, சாயங்காலம் மைலோ, ராத்திரி மறுபடியும் கஞ்சி. மீன், கோழி கொடுத்தால் வேண்டாம் என்று தள்ளிவிடுகிறார். இரண்டு வீடு தள்ளி இருக்கும் பெரியம்மா, வயதான உடம்புக்குக் கஞ்சிதான் செரிக்கும், வதைக்காதே என்கிறார். ஷா ஆலாமில் இருக்கும் என் அக்கா வரும்போதெல்லாம் நான் அம்மாவைச் சரியாகப் பார்க்கவில்லை என்று சத்தம் போடுகிறாள். எனக்குத் தொழிற்சாலை வேலை, காலை ஆறு மணி பஸ், திரும்பி வர மூன்றரை ஆகிவிடும். பின்பக்கம் வாலெலும்பு இருக்கும் இடத்தில் சிவப்பாக ஒரு தடம் தெரிகிறது. பார்மசியில் முதியவர்களுக்கான பால் மாவு டின் நூறு வெள்ளிக்கு மேல் சொல்கிறார்கள். வாங்கிக் கொடுத்தால் எடை ஏறுமா?"

தங்கச்சி, டின் கேள்விக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் 52 கிலோ 44 ஆனது என்ற இடத்தில் நின்றுவிட்டேன். எட்டு கிலோ, அதுவும் நான்கே மாதத்தில். இருந்த உடம்பில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு கரைந்துவிட்டது. ஆறு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து குறைந்தாலே ஏன் என்று தாதிகளான நாங்கள் கேட்க ஆரம்பித்துவிடுவோம், பத்தைத் தாண்டினால் டாக்டரிடம் காட்டாமல் விடமாட்டோம். வயதானால் இளைக்கத்தான் செய்வார்கள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வயது இவ்வளவு வேகமாக ஒருவரை இளைக்க வைக்காது. ஏதோ காரணம் இருக்கிறது, பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் இருக்கும், அதில் பாதியை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்.

பெரியம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவள்தான். காய்ச்சல் என்றால் கஞ்சி, வயிற்றுப்போக்கு என்றால் கஞ்சி, பிள்ளை பெற்று வந்தாலும் முதலில் கஞ்சி. இரண்டு நாள் காய்ச்சலுக்கு அது சரிதான். ஆனால் ஒரு மங்கு வெறும் கஞ்சியில் புரதம் இரண்டு மூன்று கிராம் தேறினாலே அதிகம். உங்கள் அம்மா ஒரு நாள் சாப்பிடுவதாக நீங்கள் எழுதியதை எல்லாம் கூட்டிப் பார்த்தேன், பிஸ்கட்டையும் மைலோவையும் சேர்த்தாலும் பத்துப் பன்னிரண்டு கிராமைத் தாண்டவில்லை. அவருக்கு எவ்வளவு வேண்டும் தெரியுமா? நல்ல ஆரோக்கியமாக இருக்கும் முதியவருக்கே எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும், நோயில் விழுந்து எழுந்தவருக்கு, எடை குறைந்தவருக்கு, புண் வரப்போகிறவருக்கு 1.2 முதல் 1.5 வரை. 44 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் நாளுக்கு 53 முதல் 66 கிராம். வயதானால் சோறு குறையலாம், மரக்காட்டில் ஏறி இறங்கும் வேலை இப்போது இல்லையே. புரதம் மட்டும் இளம் வயதைவிடக் கூடுதலாக வேண்டும், ஏனென்றால் அதே ஒரு துண்டு மீனில் இருந்து முப்பது வயது உடம்பு கட்டிக்கொள்கிற அளவுக்குச் சதையை எழுபத்தெட்டு வயது உடம்பால் கட்ட முடியாது. அது கிடைக்காதபோது உடம்பு தன் தொடைச் சதையை உருக்கித்தான் நாளை ஓட்டும்.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அந்த 11 நாளையும் சேர்த்துப் பாருங்கள். ஆரோக்கியமாக இருந்த முதியவர்களையே பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007இல் வந்தது. கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை போய்விட்டது. அவர்களுக்கு நோயும் இல்லை, வலியும் இல்லை. உங்கள் அம்மாவுக்கு எலும்பு விரிசலும் வலியும் இருந்தன, வீட்டுக்கு வந்த பிறகும் கட்டில்தான். அவர் நடக்கப் பயப்படுவதை மனப்பயம் என்று மட்டும் நினைக்காதீர்கள், தாங்கிக்கொள்ளக் காலில் சதை இல்லை என்பது அவருக்கே தெரிகிறது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இனிப்பு நீர் பல வருடமாக இருந்தால் சிறுநீரகம் கெட்டிருக்க வாய்ப்பு உண்டு, அது மோசமாகக் கெட்டவர்களுக்குப் புரதத்தை டாக்டர் அளந்துதான் கொடுக்கச் சொல்வார். அதனால் கடைசி ரத்தப் பரிசோதனையில் கிட்னி எப்படி இருக்கிறது என்று கிளினிக்கில் கேட்டுக்கொண்டு நான் சொல்லும் அளவுக்குப் போங்கள். அதுவரை கஞ்சியில் ஒரு முட்டை சேர்க்கத் தயங்க வேண்டாம்.

இன்று வேலை முடிந்து வந்ததும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரு டார்ச் எடுங்கள், அம்மாவின் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். பல்செட் போட்டிருந்தால் கழற்றிவிட்டு ஈறு, நாக்கு, கன்னத்தின் உள்பக்கம் எல்லாவற்றையும் பாருங்கள். இதை அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. நான் வேலையில் இருந்தபோது ஒரு பாட்டியை வீட்டுக்குப் போய்ப் பார்த்து வந்தேன், சாப்பிடவே மாட்டேன் என்கிறார் என்று மருமகள் அழுதுகொண்டே சொன்னார். மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் என்ன சமைக்கிறீர்கள், எத்தனை கரண்டி கொடுக்கிறீர்கள் என்றே கேட்டேன், எடை குறைந்துகொண்டே வந்தது. நான்காவது தடவைதான் கீழ்ப் பல்செட்டைக் கழற்றிப் பார்த்தேன். இளைத்த முகத்தில் செட் லூசாகி ஆடி ஆடி, ஈறில் பத்துக் காசு அளவுக்குப் புண். அந்தப் பாட்டி வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, பசியில்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் நாளே நான் பார்த்திருக்க வேண்டும். உங்கள் அம்மாவும் எட்டு கிலோ இளைத்திருக்கிறார், பல்செட் இருந்தால் இப்போது நிச்சயம் பொருந்தாது. மீனையும் கோழியையும் தள்ளிவிட்டுக் கஞ்சியை மட்டும் வாங்கிக்கொள்கிறவருக்கு மெல்வதில்தான் தொல்லையோ என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். நாக்கில் வெள்ளையாகப் படிந்து, துடைத்தால் உள்ளே சிவந்திருந்தால் அது பூஞ்சைத் தொற்று, இனிப்பு நீர்க்காரர்களுக்கு வரும், மருந்து கொடுத்தால் போய்விடும். வாயைக் காலையும் இரவும் மென்மையான பிரஷ்ஷால் சுத்தம் செய்துவிடுங்கள். பல்லே இல்லாவிட்டாலும் செய்யுங்கள்.

அடுத்தது விழுங்குவது. தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறாரா, சாப்பிட்ட பிறகு குரல் தண்ணீர் கட்டியது மாதிரி மாறுகிறதா, கன்னத்துக்குள் சோறு தங்குகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் வீட்டில் நீங்களாகப் பரிசோதனை செய்துகொண்டிருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், விழுங்குவதையும் பார்க்கிற ஸ்பீச் தெராபிஸ்ட்டிடம் அனுப்புவார்கள். விழுங்குவது தப்பி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம். இருமல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், படுத்த நிலையில் ஒரு கரண்டிகூட ஊட்டாதீர்கள். நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்து, பாதம் தரையில் படியும்படி பார்த்து, தாடை லேசாகக் கீழே இருக்க, சின்னக் கரண்டியில், ஒன்று உள்ளே போன பிறகு அடுத்தது. சாப்பிட்டு அரை மணி நேரம் அப்படியே உட்காரட்டும்.

சரி, சாப்பாட்டு நேரத்துக்கு வருகிறேன். உங்கள் அம்மா முப்பது வருடம் மரம் சீவியவர். நாலு மணிக்கு எழுந்து, ஆள் எடுக்கிற பெரட்டுக்குப் போய், விடியும் முன்னே முதல் மரத்தில் உளி வைத்து, தன் பங்கு மர நிரையை முடித்து, பால் எடுக்கப் போகும் முன் ஒன்பது பத்து மணிக்குத் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டவர்கள் அவர்கள். அந்த வயிறு அந்த நேரத்துக்குப் பழகியிருக்கிறது. எத்தனையோ பழைய தோட்டத்து மனிதர்களிடம் நான் பார்த்துவிட்டேன், சாயங்காலம் ஆறு மணிக்கு எதை வைத்தாலும் ஒதுக்குவார்கள், காலை பத்து மணிக்கு அதையே கேட்டு வாங்குவார்கள். நீங்கள் வேலை முடிந்து வந்து களைப்போடு சமைத்துப் பெரிய சாப்பாட்டை ராத்திரி கொடுக்கப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன், அவருக்குப் பசி அடங்கிவிட்ட நேரம் அது. பெரிய சாப்பாட்டைப் பத்து மணிக்கு மாற்றுங்கள்.

நான் வேலையில் இருப்பேனே என்பீர்கள். அதற்குத்தான் பெரியம்மா. கஞ்சிதான் நல்லது என்று சொல்கிற அதே பெரியம்மாவைக் கேளுங்கள், பத்து மணிக்கு வந்து அம்மாவோடு உட்கார்ந்து சேர்ந்து சாப்பிட முடியுமா என்று. அவருக்கும் சேர்த்து வையுங்கள். தனியாக ஒரு தட்டை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துச் சாப்பிட யாருக்கும் பிடிக்காது, தோட்டத்தில் நாலு பேரோடு மரத்தடியில் உட்கார்ந்து ஒருத்தர் சம்பலை ஒருத்தர் எடுத்துச் சாப்பிட்டவருக்கு இன்னும் பிடிக்காது. காலை ஆறிலிருந்து மூன்றரை வரை அந்த வீட்டில் பேச ஆள் இல்லை. பசி போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். எதிலும் ஆர்வம் இல்லை, நான் போய்ச் சேர்ந்தால் தேவலை என்று அவர் அடிக்கடி பேசினால் அதை வயதானவர் பேச்சு என்று விடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், மனச்சோர்வுக்கும் மருந்து இருக்கிறது.

சாப்பாட்டை ஃபிளாஸ்க்கில் வையுங்கள். வாய் அகலமான ஸ்டீல் ஃபிளாஸ்க், முதலில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்து, அதைக் கொட்டிவிட்டுச் சூடு பறக்கிற சாப்பாட்டைப் போட்டு மூடினால் பத்து மணிக்குத் திறக்கும்போது ஆவி வரும். என்ன போடுவது? குழைந்த சோறு, பருப்பு ஒரு கரண்டி, முதல் நாள் ராத்திரி குழம்பில் வேகவைத்து ஃபிரிட்ஜில் வைத்த ஒரு கெம்போங் மீன். காலையில் குழம்பைக் கொதிக்கவிட்டு, மீனை எடுத்து விரலால் உதிர்த்து முள் பாருங்கள், இரண்டு தடவை பாருங்கள், அப்புறம் குழம்போடு சோற்றில் பிசைந்துவிடுங்கள். காய்ந்த மீன் துண்டு தொண்டையில் சிக்கும், குழம்பில் ஊறியது வழுக்கிக்கொண்டு போகும். மேலே ஒரு டீஸ்பூன் நெய். அந்த ஒரு டீஸ்பூனில் மட்டும் நாற்பத்தைந்து கலோரி இருக்கிறது, கொஞ்சமாகச் சாப்பிடுகிறவருக்கு அது பெரிய விஷயம். இந்த ஒரு வேளையில் புரதம் இருபது கிராமைத் தாண்டிவிடும்.

கஞ்சியை நிறுத்தச் சொல்லவில்லை, அவருக்குப் பிடித்ததே அதுதானே. ஆனால் வெறும் அரிசிக் கஞ்சி வேண்டாம். இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பாசிப்பயறு போட்டு நன்றாகக் குழைய வையுங்கள். இறக்கும் முன், அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு முட்டையை அடித்து நூல் மாதிரி ஊற்றிக் கிளறுங்கள், சீனர் கடையில் செய்கிற மாதிரி. முட்டை முழுதாக வேக வேண்டும். கோப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டை பலவீனமான முதியவருக்கு வேண்டாம். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது, ஒரே மங்குதான், அளவு கூடாது, அதே ருசி, ஆனால் மூன்று கிராம் இருந்த இடத்தில் பதின்மூன்று பதினான்கு கிராம். கோழி வேண்டும் என்றால் அரைத்த கோழியைக் கஞ்சியோடு வேகவிடுங்கள், மெல்லவே வேண்டாம். வெள்ளிக்கிழமையும் புரட்டாசியும் சைவம் என்றால் தௌவு (சோயாக் கட்டி) இருக்கிறது, புளித்த சோயாவில் செய்த தெம்பே இருக்கிறது, தயிர் இருக்கிறது. மெத்தென்ற தௌவை ரசத்தில் போட்டால் கரண்டியிலேயே உடைந்துவிடும். புரட்டாசி முழுக்க வெறும் ரசம் சோறு என்று மட்டும் விட்டுவிடாதீர்கள், அந்த ஒரு மாதத்தில் இரண்டு கிலோ போய்விடும்.

காலை வரக்கோப்பியைப் பால் கோப்பி ஆக்குங்கள். இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். நம் வீடுகளில் பால் என்றால் பலருக்கு டின் பால்தான், அந்த இனிப்புக் கட்டிப்பால். அதில் பெரும்பகுதி சீனி, கடையில் இப்போது கிடைக்கிற பல டின்களில் பாமாயிலும் சேர்ந்திருக்கிறது, புரதம் மிகக் குறைவு. நான் சொல்வது சாதாரண பால் மாவு. நாலு மேசைக்கரண்டி கரைத்தால் ஏழு கிராம் புரதம் வரும். சீனி இல்லாமல் கோப்பியில் கலக்கலாம், மைலோவிலும் மைலோவைக் குறைத்துப் பால் மாவைக் கூட்டலாம். பால் குடித்தால் வயிறு உப்புகிறது, போகிறது என்றால் சீனி குறைந்த சோயாப் பால் கொடுங்கள்.

ஆனால் எல்லாவற்றையும் நாளைக்கே தொடங்காதீர்கள். நான்கு மாதம் கொஞ்சமாகச் சாப்பிட்ட உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் உள்ள உப்புகள் தாறுமாறாகும், அது ஆபத்து. முதல் மூன்று நாள் கஞ்சியில் முட்டை, கோப்பியில் பால், அவ்வளவுதான். அப்புறம் மீன். இரண்டு வாரத்தில் முழு அளவுக்கு வந்தால் போதும்.

இப்போது டின். அது ஏமாற்று வேலை இல்லை, நல்ல பொருள்தான், சாப்பிட முடியாதவர்களுக்கு நாங்களே எழுதிக் கொடுப்போம். ஆனால் சாப்பாட்டுக்குப் பதிலாகக் கொடுத்தால் எடை ஏறாது, சாப்பாட்டுக்கு நடுவில் கொடுத்தால்தான் ஏறும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கென்று தனி வகை இருக்கிறது, அதைக் கேளுங்கள். டின்னில் ஆறு கரண்டி என்று போட்டிருந்தால் ஆறு கரண்டிதான். விலை கூடுதல் என்று மூன்று கரண்டியில் தண்ணியாகக் கரைத்துப் பல நாள் ஓட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், காசும் போய்விடுகிறது, பலனும் இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த நூறு வெள்ளியில் முதல் மாதம் முட்டையும் மீனும் பால் மாவும் வாங்குவேன், நான்கு வாரம் கழித்து எடை நகரவில்லை என்றால் டயட்டீஷனை (உணவு ஆலோசகர்) கேட்டுக்கொண்டு டின்னுக்குப் போவேன்.

மாத்திரை விஷயம் சாப்பாட்டைவிட அவசரம், தங்கச்சி. 52 கிலோவில் மூன்று வேளை சாப்பிட்டபோது கொடுத்த அதே இனிப்பு நீர் மாத்திரையை 44 கிலோவில் கஞ்சி குடிக்கிறவர் விழுங்கிக்கொண்டிருக்கிறார். பொட்டலத்தில் க்ளிக்லாசைட் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சாப்பிடாத நாளில் சர்க்கரை மிகக் கீழே இறங்கிவிடும். வியர்த்துக் கொட்டுவது, கை நடுங்குவது, ஒருமாதிரி குழம்பிப் பேசுவது, பகலில் எழுப்ப முடியாமல் தூங்குவது, இவை எல்லாம் அதற்கான அறிகுறி. விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்த்து 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால், விழிப்பாக விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சீனியை அரை கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், பதினைந்து நிமிடத்தில் மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 999ஐ அழையுங்கள். மெட்ஃபார்மின் என்றால் அது வேறு, அது பசியைக் குறைக்கும், வாயில் இரும்புச் சுவை வரவைக்கும், பல வருடம் சாப்பிட்டால் பி12 சத்தையும் குறைக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆனால் அடுத்த தேதி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், இந்த வாரமே கிளினிக்குக்கு எடுத்துப் போய், இவர் இவ்வளவுதான் சாப்பிடுகிறார், எட்டு கிலோ குறைந்துவிட்டது என்று சொல்லுங்கள். பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இப்படிப் பலவீனமான முதியவர்களுக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவு (HbA1c) 8 விழுக்காடு வரை இருந்தாலும் டாக்டர்கள் ஏற்றுக்கொள்வது உண்டு, இந்த வயதில் சர்க்கரையைப் பிடித்து இறுக்கி ஆளை இளைக்க வைப்பதில் பயன் இல்லை. இனிப்பு நீர் என்பதற்காகச் சோறு வேண்டாம், பழம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம் என்று நீங்கள் ஒதுக்கி வைத்திருந்தால் அதையும் அங்கே கேட்டுத் தளர்த்திக்கொள்ளலாம்.

தண்ணீர் குடிக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. குடிக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். குளியலறையில் விழுந்தவர் அங்கே மறுபடி போகப் பயந்து தண்ணீரைக் குறைப்பார், அதனால் மலச்சிக்கல் வரும், மலம் கட்டிய வயிறு பசிக்காது. எத்தனை நாளைக்கு ஒரு தடவை போகிறார் என்று வெட்கப்படாமல் கேளுங்கள், மூன்று நாளுக்கு மேல் என்றால் அதற்கும் மருந்து வேண்டும். பெண்களுக்கு நாளுக்கு ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல், கோப்பி, மைலோ, ரசம் எல்லாம் சேர்த்துத்தான், இதயமோ சிறுநீரகமோ பழுதாகித் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் தவிர. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்க முடியாது, வயதானால் தாகம் மங்கிவிடும். பெரும்பகுதியை மாலை ஆறு மணிக்குள் கொடுத்துவிட்டால் ராத்திரி எழ வேண்டியிருக்காது. கட்டில் பக்கத்தில் ஒரு கொமோட் நாற்காலி, குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி, தரையில் வழுக்காத ரப்பர் பாய். டின் வாங்கும் முன் இதை வாங்குங்கள்.

சிவப்புத் தடத்தை விரலால் மூன்று வினாடி அழுத்தி எடுத்துப் பாருங்கள். வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் இன்னும் தோல் பிழைத்திருக்கிறது. வெளுக்கவே இல்லை என்றால் அது படுக்கைப் புண்ணின் முதல் கட்டம், வெளியே கொஞ்சம்தான் தெரியும், உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். நம் மாதிரி மாநிறம், கறுப்புத் தோலில் சிவப்பு நன்றாகத் தெரியாது, அந்த இடம் சூடாக, கெட்டியாக அல்லது கொழகொழவென்று இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். படுத்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றுங்கள், முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து லேசாகச் சாய்த்தால் போதும், முழுக்கத் திருப்ப வேண்டாம். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலைக் காற்றில் தொங்கவிடுங்கள். சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், பவுடர் போடாதீர்கள், நடுவில் ஓட்டை போட்ட ரப்பர் வளையத்தில் உட்கார வைக்காதீர்கள், அது சுற்றிலும் ரத்த ஓட்டத்தை நிறுத்தும். தோல் உரிந்தாலோ கொப்புளம் வந்தாலோ அன்றே காட்டுங்கள்.

உட்கார்ந்தும் எழுந்தும் பழகாமல் எவ்வளவு முட்டை கொடுத்தாலும் சதை வராது. கைப்பிடி உள்ள கனமான நாற்காலியைச் சுவரோடு வைத்து, பக்கத்தில் நீங்கள் நின்றுகொண்டு, அவர் எழுந்து நின்று மறுபடி உட்காரட்டும். மூன்று தடவை முடிந்தால் மூன்று. மாலை வேலை முடிந்து வந்ததும் ஒரு முறை, தூங்கும் முன் ஒரு முறை. எந்த அளவு வரை செய்யலாம் என்று கிளினிக்கில் பிசியோவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்காவைப் பற்றி நான் அதிகம் சொல்ல மாட்டேன். கூட இருந்து பார்க்காதவருக்கு இளைப்பு மட்டும்தான் தெரியும், விடியற்காலை நாலரைக்கு எழுந்து கஞ்சி வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவது தெரியாது. நீங்கள் சரியாகப் பார்க்காதவர் என்றால் எனக்கு இவ்வளவு கணக்கோடு எழுதியிருக்க மாட்டீர்கள். அடுத்த தடவை அவர் வரும்போது சத்தத்துக்குப் பதில் சொல்லாமல், ஒரு கிலோ கோழியை வாங்கி அரைத்து, வேகவைத்து, சின்னச் சின்ன டப்பாவில் போட்டு ஃபிரீசரில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு ராத்திரி அம்மாவை அவர் பார்க்கட்டும், நீங்கள் தூங்குங்கள். இந்த மாதிரிப் பராமரிப்பில் தூக்கம் இல்லாத மகள்தான் அடுத்த நோயாளி ஆகிறாள்.

அரசாங்க கிளினிக்கில் 60 வயதைத் தாண்டிய குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் இல்லை. டயட்டீஷனைப் பார்க்க எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள், அவர்களாகச் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். சில கிளினிக்குகளில் எழுந்து வர முடியாதவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கிற டோமிசிலியாரி சேவை இருக்கிறது, அது உங்கள் பகுதியில் உண்டா என்றும் கேளுங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது எல்லா மாத்திரைப் பொட்டலத்தையும், பழையது புதியது, பக்கத்து வீட்டில் கொடுத்தது, நாட்டு மருந்து எல்லாவற்றையும், ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தையல் டேப் இருந்தால் அம்மாவின் கெண்டைக்காலில் பருமனான இடத்தைச் சுற்றி அளந்து எழுதிக்கொள்ளுங்கள், 31 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். எடையை வாரம் ஒரு தடவை, ஒரே நாளில், காலையில், ஒரே மாதிரி உடையோடு பாருங்கள். நிற்க முடியாவிட்டால் நாற்காலித் தராசு கேளுங்கள். ஒரு மாதத்து எண்களோடு எனக்கு மறுபடி எழுதுங்கள், பல்செட் எப்படி இருந்தது என்பதையும் எழுதுங்கள்.